நன்றாகப் பாடினால் போதுமா?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் இசை படிக்க ஆசை. பாடுவேன், ஆனால் ஸ்வரம் எழுதத் தெரியாது. சேர முடியுமா?

பதில்: தாராளமாக முயன்று பாருங்கள். ஆனால் தேர்வில் பெரும்பாலும் பாடச் சொல்வதோடு விட மாட்டார்கள், ஒரு வரியை வாசித்துக் காட்டி அப்படியே திருப்பிப் பாடு, இந்தத் தாளத்தைத் தட்டு என்று காதையும் சோதிப்பார்கள். அதனால் தினம் ஒரு பாட்டில் இரண்டே வரி கேட்டுவிட்டு ஸ்வரங்களைத் தாளில் எழுதிப் பழகுங்கள். முதலில் தப்பும், அப்புறம் பிடிபட்டுவிடும். இசை வரலாறு, குழுவாக வாசிப்பதெல்லாம் சேர்ந்தபிறகு கற்றுக்கொள்ளலாம். தொண்டையைத்தான் இப்போதே கவனிக்கணும்: 440 ஹெர்ட்ஸ் சுருதியில் நிற்கும்போது குரல் நாண்கள் நொடிக்கு 440 முறை அதிர்கின்றன, கரகரப்போடு பாடிக்கொண்டே இருந்தால் அவற்றில் முடிச்சு விழக்கூடும். அப்படிப்பட்ட நாளில் பாடாமல் எழுதுங்கள்.