ஹர்லிங் பார்க்க எதற்குக் காசு? அயர்லாந்து ஒளிபரப்பு உரிமை பற்றிய கேள்வி பதில்

லிமரிக் பக்கம் குடிவந்து பதினேழு வருஷம் ஆகிறது. மகள் உள்ளூர் கிளப்பில் கமோகி ஆடுகிறாள், அதாவது பெண்கள் ஆடும் ஹர்லிங். நான் மைதான ஓரத்தில் டீக்கடை போடுகிற கோஷ்டியில் ஒருவன். ஆட்டங்களை எந்தச் சேனல் காட்டுகிறது, எதற்குக் காசு கேட்கிறார்கள், ஏன் இந்த ஊரே அதற்காகச் சண்டை போடுகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

செந்தில், கோவை: அண்ணா, முதலில் இது என்ன ஆட்டம்? ஹாக்கி மாதிரியா?

ஹாக்கிக்காரர் பார்த்தால் பயந்துவிடுவார். ஹர்லிங்கில் பக்கத்துக்குப் பதினைந்து பேர். ஆஷ் மரத்தில் செய்த அகன்ற மட்டை, கிரிக்கெட் பந்தைவிடச் சற்றுச் சின்னதான தோல் பந்து. பந்தைத் தரையிலும் அடிக்கலாம், தலைக்கு மேலேயும் அடிக்கலாம், கையிலும் பிடிக்கலாம். இன்னொன்று கேலிக் ஃபுட்பால். அதில் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடவும் செய்யலாம்.

ஸ்கோர் எழுதுவது புதிதாகப் பார்ப்பவருக்குக் குழப்பும். ஹர்லிங்கில் கோல் விழுந்தால் மூன்று, குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் ஒன்று. 3-28 என்றால் மூன்று கோல், 28 புள்ளி, ஆக மொத்தம் 37.

இரண்டையும் நடத்துவது ஜி.ஏ.ஏ. என்கிற கேலிக் தடகளச் சங்கம். 1884-இல் டிப்பரேரியின் தர்ல்ஸ் ஊரில் ஒரு ஹோட்டலில் தொடங்கியது. ஆடுகிறவர் யாருக்கும் சம்பளம் கிடையாது, இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். டப்ளின் குரோக் பார்க்கில் 82,000 பேர் முன்னால் இறுதிப்போட்டி ஆடுகிறவர் மற்ற நாட்களில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவராக இருப்பார்.

ரேவதி, சென்னை: சம்பளமே இல்லையென்றால் ஒளிபரப்பு உரிமையை விற்ற காசு யாருக்குப் போகிறது?

பெரும்பங்கு மாவட்டச் சங்கங்களுக்கும் கிளப்புகளுக்கும் போகிறது. மைதானம், விளக்குக் கம்பம், பிள்ளைகளுக்குப் பயிற்சி, அடிபட்டவர்களுக்குச் சிகிச்சை. உரிமை விற்ற காசு எங்கேயோ ஒரு முதலாளி பையில் போய் விழவில்லை, அது உண்மைதான்.

ஆனால் கோபமும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. இங்கே பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறவர் இலவசமாகத் தருகிறார். புல் வெட்டுகிறவர் இலவசமாக வெட்டுகிறார். வீரர் இலவசமாக ஆடுகிறார். "நாங்கள் எல்லோரும் சும்மா கொடுத்ததை நீங்கள் எப்படி எங்களிடமே விற்கலாம்?" என்று டீக்கடையில் ஒரு அம்மா கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இரண்டு பிஸ்கட்டைக் கூடுதலாகக் கொடுத்தேன்.

பாலு, திருச்சி: இந்தக் கட்டணச் சேனல் வியாபாரம் எப்போது ஆரம்பித்தது சார்?

அதற்கு முன்னால் வானொலிக் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். 1926 ஆகஸ்ட் 29 அன்று கில்கென்னி, கால்வே என்ற இரண்டு மாவட்ட அணிகளுக்கு நடுவே நடந்த ஹர்லிங் அரையிறுதியை 2ஆர்.என். என்ற அரசு வானொலி நேரலையாகச் சொன்னது. ஐரோப்பாவிலேயே மைதான ஆட்டத்துக்கு முதல் நேரலை வர்ணனை என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள்.

1947-இல் கேலிக் ஃபுட்பால் இறுதிப்போட்டியை நியூயார்க்கில் வைத்தார்கள், கேவனுக்கும் கெர்ரிக்கும். வர்ணனையாளர் மைக்கேல் ஒஹெஹிர். ஆட்டம் இழுத்துக்கொண்டே போக, வாடகைக்கு எடுத்த தொலைபேசி லைன் துண்டிக்கப்படும் நேரம் நெருங்கிவிட்டது. "இன்னும் அஞ்சே நிமிஷம்" என்று அவர் வர்ணனைக்கு நடுவே கெஞ்சினார். லைன் தப்பித்தது, கேவன் ஜெயித்தது. இன்றைக்கும் பெரியவர்கள் இதை நேரில் கேட்ட மாதிரியே சொல்வார்கள்.

1962 முதல் ஆட்டங்கள் டிவியில் வர ஆரம்பித்தன. ரொம்ப காலத்துக்கு அரசுச் சேனலான ஆர்.டி.ஈ. ஒன்றுதான். 2008-இல் டிவி3 என்ற தனியார் சேனல் சில ஆட்டங்களை வாங்கியது. அதுவும் இலவச சேனல் என்பதால் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. லீக் ஆட்டங்கள் (பெரிய போட்டியான சாம்பியன்ஷிப்புக்கு முன்னால் நடப்பவை) சிலது செட்டான்டா என்ற சந்தா சேனலில் வந்தன. செட்டான்டா என்பது குஹுலின் என்ற புராண வீரனின் சிறுவயதுப் பெயர், அவனும் மட்டையும் பந்துமாகத் திரிந்தவன். பெயர் பொருத்தம் அபாரம்! லீக் என்பதால் அதையும் பொறுத்துக்கொண்டார்கள்.

வெடித்தது 2014 ஏப்ரல் 1. ஸ்கை என்ற பிரிட்டிஷ் கட்டணச் சேனலுடன் மூன்று வருஷ ஒப்பந்தம் என்று ஜி.ஏ.ஏ. அறிவித்தது. தேதியைப் பார்த்து முட்டாள்கள் தின வேடிக்கை என்று நினைத்தவர்களும் உண்டு. சாம்பியன்ஷிப்பில் 14 ஆட்டங்கள் ஸ்கையில் மட்டும்தான். அரையிறுதிகளும் இறுதிப்போட்டிகளும் ஸ்கையிலும் வரும், ஆர்.டி.ஈ.-யிலும் வரும். டிவி3 வெளியே. அந்த ஜூன் 7-இல் கில்கென்னி நோலன் பார்க்கில் கில்கென்னி – ஆஃபலி ஆட்டம் ஸ்கையில் போனது.

சங்கம் சொன்ன காரணம் வெளிநாட்டில் இருக்கும் ஐரிஷ்காரர்கள். பிரிட்டன் முழுக்க ஸ்கை டிஷ் இருக்கிறது, அவர்கள் பார்க்கட்டும் என்றார்கள். இந்தக் காரணத்தை நான் பாதிதான் நம்பினேன். வாங்க இன்னொரு ஆள் வந்தால் ஆர்.டி.ஈ.-யிடம் விலை பேச ஒரு பிடி கிடைக்கும், அதுதான் மீதிப் பாதி. விற்கிறவர் அப்படி யோசிப்பதில் தப்பு இல்லை, ஆனால் அதை நேராகச் சொல்லியிருக்கலாம்.

மீனா, டப்ளின்: அக்கம்பக்கத்தில் எல்லோரும் திட்டுவது ஸ்கையை இல்லையே, ஜி.ஏ.ஏ.கோ-வை அல்லவா?

ஆமாம். 2022 சீசனோடு ஸ்கை போய்விட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டவர்களுக்கு அடுத்த வருஷமே அடி விழுந்தது. ஜி.ஏ.ஏ.கோ என்பது சங்கமும் ஆர்.டி.ஈ.-யும் பாதிப்பாதி சேர்ந்து 2014-இல் தொடங்கிய ஸ்ட்ரீமிங் சேவை. முதலில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும். ஸ்கை விட்டுப்போன ஆட்டங்களை வாங்கி 2023-இலிருந்து உள்நாட்டிலும் காட்ட ஆரம்பித்தது. சாம்பியன்ஷிப்பில் ஆர்.டி.ஈ.-க்கு 35 ஆட்டம், ஜி.ஏ.ஏ.கோ-வுக்கு மட்டும் 38. ஒரு ஆட்டத்துக்கு 12 யூரோ, சீசன் முழுக்க 79.

இதில் பேராசையைவிட நாள்காட்டிக்குத்தான் பங்கு அதிகம் என்பேன். முன்பெல்லாம் இறுதிப்போட்டிகள் செப்டம்பரில் நடக்கும். கோடை முழுக்க ஆட்டங்கள் பரவிக் கிடக்கும், ஞாயிறு ஒன்றோ இரண்டோ போட்டால் போதும். இதனால் கிளப் ஆட்டங்களுக்கு நாளே கிடைக்காமல் வீரர்கள் திண்டாடினார்கள். அதற்காக வருஷத்தை இரண்டாக வெட்டினார்கள், முதல் பாதி மாவட்ட அணிகளுக்கு, மறுபாதி கிளப்புகளுக்கு. 2022-இலிருந்து இறுதிப்போட்டி ஜூலையிலேயே முடிந்துவிடுகிறது. போதாததற்கு சாம்பியன்ஷிப்பிலும் ஒரு குழுவில் எல்லோரும் எல்லோரோடும் ஆடும் முறையைக் கொண்டுவந்து ஆட்டங்களின் எண்ணிக்கையையும் கூட்டினார்கள். அத்தனையும் ஏப்ரல் கடைசியிலிருந்து சில வாரக் கடைசிகளில் வந்து முட்டுகிறது. ரக்பி, கால்பந்து எல்லாம் காட்டும் ஒரு சேனலில் எதைத்தான் அடைப்பது?

இதுவரை நான் சங்கத்தின் பக்கம். ஆனால் எந்த ஆட்டத்தைப் பூட்டிவைப்பது என்று தேர்ந்தெடுத்ததில் கோட்டை விட்டார்கள். 2023 ஏப்ரல் 29, லிமரிக் – கிளேர். எங்கள் ஊர் நடப்பு சாம்பியன், சொந்த மண்ணில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. காசு கட்டியவருக்கு மட்டும். அடுத்த சனிக்கிழமை கார்க் – டிப்பரேரி, சமனில் முடிந்தது. அதுவும் காசு கட்டியவருக்கு மட்டும். மன்ஸ்டர் ஹர்லிங், அதாவது எங்கள் தெற்கு மாகாணத்து மாவட்டங்கள் மோதுவது, இங்கே கோயில் திருவிழா மாதிரி, அதற்கு டிக்கெட் வைத்தால் சும்மா இருப்பார்களா? அப்போது துணைப் பிரதமராக இருந்த மீஹால் மார்ட்டின், அவர் கார்க் ஊர்க்காரர், வெளிப்படையாகக் கண்டித்தார். 2024 மே 11 அன்று கார்க் 3-28, லிமரிக் 3-25 என்ற ஆட்டம், கடைசி நிமிஷம் வரை இழுபறி. அதுவும் பூட்டுக்குள்தான். மறுபடி அதே கூச்சல்.

கார்த்திக், மதுரை: 12 யூரோ அங்கே பெரிய தொகையா அண்ணா? ஒரு பீட்ஸா விலைதானே?

பீட்ஸா விலைதான் தம்பி. ஆனால் டிவி வைத்திருக்கும் ஒவ்வொரு வீடும் வருஷத்துக்கு 160 யூரோ லைசன்ஸ் கட்ட வேண்டும், அதில் பெரும்பகுதி ஆர்.டி.ஈ.-க்குப் போகிறது. அந்த ஆர்.டி.ஈ.-யே அப்போது பாதி சொந்தக்காரராக இருந்த சேவைக்கு மறுபடியும் காசா என்பதுதான் வயிற்றெரிச்சல். 2023 கோடையில் ஆர்.டி.ஈ.-யின் கணக்கில் வராத சம்பள விவகாரம் வேறு வெடித்தது. எரிகிற வீட்டில் எண்ணெய்.

தொகையைவிடப் பெரிய சங்கடம் ஸ்ட்ரீமிங்தான். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது, தனியாக இருக்கிறார். ஒரு சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டு "இதை டிவியில் வரவழை" என்றார். என் போனிலிருந்து கேபிள் போட்டுக் கொடுத்தேன். அவர் டிவி சத்தத்தை அடைத்துவிட்டுப் பழக்கப்படி வானொலியைப் போட்டார். ஸ்ட்ரீமிங் வானொலிக்கு அரை நிமிஷம் பின்னால் ஓடுகிறது. வானொலியில் கோல் விழுந்துவிட்டது, டிவியில் பந்து இன்னும் நடு மைதானத்தில். இரண்டு தடவை பார்த்தார். "இவன் நேற்றையதைக் காட்டுகிறான்" என்று டிவியை அணைத்துவிட்டார்.

வக்கீல் ஒருவர், சேலம்: இலவசமாகக் காட்டியே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லையா? நம்மூரில் தூர்தர்ஷனுக்கு இருக்கிறதே.

இருக்கிறது. 1999-இல் சட்டம், 2003-இல் பட்டியல். ஹர்லிங், கேலிக் ஃபுட்பால் அகில அயர்லாந்து இறுதிப்போட்டிகள் அந்தப் பட்டியலில் உண்டு. 2017-இல் பெண்கள் ஃபுட்பால், கமோகி இறுதிப்போட்டிகளையும் சேர்த்தார்கள். அரசாங்கத்தை உசுப்பியது ஜி.ஏ.ஏ. அல்ல, கால்பந்து. 2002-இல் அயர்லாந்து அணியின் உள்ளூர் ஆட்டங்களைக் கால்பந்துச் சங்கம் ஸ்கைக்கு விற்கப் போக, நாடே கொதித்தது. பட்டியல் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது.

நம்மூர் 2007 சட்டம் வேறு மாதிரி. தனியார் வாங்கினாலும் சிக்னலைப் பிரசார் பாரதியோடு பங்கிட வேண்டும். இங்கே அப்படிப் பங்கிடச் சொல்வதில்லை, பட்டியலில் இருக்கும் ஆட்டம் இலவச சேனலில் வரவேண்டும் என்பதுதான் விதி. மன்ஸ்டர் ஹர்லிங்கையும் பட்டியலில் சேர் என்று அரசியல்வாதிகள் பேசுவார்கள். சேர்த்தால் விற்கிறவர் கையில் பேரமே இருக்காது, இருக்கும் சில இலவச சேனல்கள் சொன்னதுதான் விலை. ஆகவே எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

கஜன், லண்டன்: அண்ணை, இஞ்சை இருந்து பாக்கேலுமோ?

தாராளமாக. 2024 ஜூலை 21, கிளேர் – கார்க் ஹர்லிங் இறுதியை பிபிசி 2 பிரிட்டன் முழுக்கக் காட்டியது. கூடுதல் நேரம் வரை போய் ஒரு புள்ளியில் கிளேர் ஜெயித்தது. முதல் தடவை பார்த்த ஆங்கிலேயர்கள் வாயைப் பிளந்தார்கள். நீங்களும் அதிலிருந்தே தொடங்குங்கள், முழு ஆட்டம் கிடைக்காவிட்டாலும் ஹைலைட்ஸ் பாருங்கோ. நேரில் பார்க்க ஆசை இருந்தால் ரைஸ்லிப்பில் லண்டன் ஜி.ஏ.ஏ. மைதானமே இருக்கிறது.

இம்ரான், கார்க் (மாணவர்): இப்போது நிலவரம் என்ன? நான் காசு கட்டவா வேண்டாமா?

ஆர்.டி.ஈ. கூட்டிலிருந்து விலகிவிட்டது. 2025-இலிருந்து சேவை முழுக்க சங்கத்தின் கையில், பெயரும் ஜி.ஏ.ஏ.பிளஸ் என்று மாறிவிட்டது. லைசன்ஸ் கட்டியும் மறுபடி காசா என்ற கேள்வியாவது இதோடு தொலைந்தது.

மாணவர் என்றால் இப்போதைக்குக் கட்டாதீர்கள். டி.ஜி.4 என்ற ஐரிஷ் மொழிச் சேனல் லீக், கிளப் ஆட்டங்கள், பெண்கள் ஃபுட்பால் என்று நிறைய இலவசமாகக் காட்டுகிறது. வர்ணனை புரியாது, ஆட்டம் புரியும். ஞாயிறு ஆர்.டி.ஈ. இருக்கிறது. பூட்டிய ஆட்டம் என்றால் வானொலி. கார்க்கில்தானே இருக்கிறீர்கள், பௌர்க் ஈ கீவ் மைதானத்துக்கு ஒரு நாள் நேரில் போங்கள். மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், குடை விரித்தால் பின்னால் இருப்பவர் திட்டுவார்.