அப்பாவின் சாப்பாடு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் அப்பாவுக்கு 76 வயது. ஒரு வருடமாகச் சாப்பாடு பாதியாகிவிட்டது. சட்டையெல்லாம் தொளதொளவென்று தொங்குகிறது. நான் கவலைப்பட்டால் அண்ணன், "வயசானா அரை வயிறு போதும், விடு" என்கிறான். அப்பாவும் அதையே சொல்லித் தட்டைத் தள்ளிவிடுகிறார். ஆனால் இனிப்பு என்றால் மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். முதுமையில் இப்படிக் குறைத்துக்கொள்வது நல்லதுதானா? நான் வற்புறுத்துவது தப்பா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

நான் மருத்துவன் இல்லை. இந்த விஷயத்தைக் கொஞ்சம் படித்தவன் என்ற அளவில் சொல்கிறேன்.

உங்கள் அண்ணன் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. 2021இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டவர்களின் உடல் எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது என்று பார்த்தது. உடலின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், 20 வயதிலிருந்து 60 வரை அது கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. (நாற்பதில் தொப்பை விழுந்ததற்கு மெட்டபாலிசத்தைக் குறை சொல்பவர்கள் வேறு காரணம் தேட வேண்டும்.) அறுபதுக்குப் பிறகு ஆண்டுக்குச் சுமார் 0.7 சதவீதம் இறங்குகிறது. ஆகவே உங்கள் அப்பாவுக்குப் பழைய அளவு தேவையில்லைதான்.

ஆனால் இறங்குவது கலோரித் தேவை. புரதத்தின் தேவை ஏறுகிறது. நடுவயதிலிருந்தே தசை மெல்லக் கரைய ஆரம்பித்து, அறுபதுக்குமேல் வேகமெடுக்கிறது. இளம் உடம்பு கொஞ்சம் புரதம் கிடைத்தாலே தசையைக் கட்டிக்கொள்ளும். வயதான உடம்புக்கு அதே வேலைக்குக் கூடுதலாக வேண்டியிருக்கிறது. பொதுவாகச் சொல்லப்படும் அளவு, ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம். 2013இல் முதியோர் மருத்துவ வல்லுநர் குழு ஒன்று, 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதை 1.0 முதல் 1.2 கிராம் வரை உயர்த்தச் சொன்னது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். அரை வயிற்றுச் சாப்பாட்டில், அதுவும் பெரும்பகுதி மாவுச்சத்தாக இருந்தால், அந்தக் கணக்கு எட்டவே எட்டாது. தசை போனால் நாற்காலியிலிருந்து எழுவதே பாடாகும், விழுவதும் அதிகமாகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்த அளவு பொருந்தாது, அவர்கள் மருத்துவர் சொல்கிறபடிதான் போக வேண்டும். வைட்டமின் டி, கால்சியம் தேவையும் வயதோடு கூடுவதுதான். பி12 வேறு கதை: தேவை அதேதான், ஆனால் வயிற்றில் அமிலம் குறைவதால் உணவிலிருந்து அதைப் பிரித்தெடுப்பது பலருக்குச் சிரமமாகிவிடுகிறது.

அப்பா ஏன் தட்டைத் தள்ளுகிறார்? பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை, முதுமையில் அந்த மூக்கு மந்தமாகிறது. நேற்றுவரை ருசித்த அதே சமையல் இன்று சப்பென்று இருக்கும். குறை சமைத்தவர்மேல் விழும். இனிப்பை உணர நாக்கே போதும், அந்த உணர்வு மற்றதைப்போல அவ்வளவு மங்குவதில்லை. அவர் அதை மட்டும் கேட்பதில் ஆச்சரியம் இல்லை. இது போக, வயிறு காலியாவது மெதுவாகிறது, நாலு வாய்க்குள் நிறைந்த உணர்வு வந்துவிடுகிறது. ஆடும் பல், உலர்ந்த வாய், கூட உட்கார ஆள் இல்லாத சாப்பாட்டு மேசை, இவையும் சேர்ந்துகொள்கின்றன. என் கணிப்பில், கடைசியாகச் சொன்னதைத்தான் வீடுகளில் யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. அப்புறம், தாகமும் சரியாகத் தெரியாது. கேட்கும்போது கொடுக்கலாம் என்று இருந்தால் அவர் கேட்கவே மாட்டார்.

வற்புறுத்துவதில் பயன் இல்லை. பெரிய தட்டைப் பார்த்தாலே அவருக்கு மலைப்பாக இருக்கும். மூன்று வேளையை ஐந்து சிறு வேளையாக்குங்கள். பருப்பு, முட்டை, பால், மீன், அவர் பழக்கத்துக்கு எது ஒத்துவருமோ, அதை முதல் வாயில் கொடுங்கள், மற்றது மிஞ்சினால் மிஞ்சட்டும். சர்க்கரை நோய் இல்லையென்றால் கொஞ்சம் இனிப்புக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். உப்பு, எண்ணெய், இனிப்பு என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் தடைசெய்து, அப்புறம் சாப்பிடுவதில்லை என்று புலம்பும் வீடுகள் நிறைய. எந்தத் தடை உண்மையிலேயே வேண்டும் என்று மருத்துவரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் அவரை எடைபார்க்கும் கருவியில் நிறுத்துங்கள். முயற்சி எதுவும் செய்யாமல் 6 முதல் 12 மாதத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தால் அதை வயதின் கணக்கில் எழுதக் கூடாது. 60 கிலோவில் அது வெறும் 3 கிலோதான். தைராய்டு, சர்க்கரை, புற்றுநோய், மனச்சோர்வு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். சட்டை தொளதொளக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். போகும்போது அவர் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். பசியையும் வாய்ச்சுவையையும் கெடுக்கும் மருந்துகள் சில உண்டு. மாற்றுவதா நிறுத்துவதா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

அன்புடன்