இறால் குட்டையும் கிராம சபைத் தீர்மானமும்

வணக்கம். தலைஞாயிறு பக்கம் வயலை ஒட்டி இறால் குட்டை வெட்டியதிலிருந்து கைப்பம்புத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, கிராம சபையில் தீர்மானம் போட்டால் பலன் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. ஆனால் தீர்மானம் மட்டுமே குட்டையை மூடிவிடாது.

விளைநிலத்தை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வழக்குப் போட்டவர் நம் நாகைப் பக்கம் போராடிய காந்தியவாதி ஜெகந்நாதன். 2005ஆம் ஆண்டுக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டப்படி கடலோர இறால் பண்ணைகளுக்குப் பதிவும் வேண்டும். உங்கள் ஊர்க் குட்டைக்குப் பதிவு இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் முதலில் கேளுங்கள்.

அப்புறம் தீர்மானம். "சுற்றுச்சூழல் கெடுகிறது" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் கலெக்டர் ஆபீஸில் கட்டோடு கட்டாகக் கிடக்கும். சர்வே எண் என்ன, கழிவுநீர் எந்த வடிகாலில் விழுகிறது, எந்தத் தெருக் கைப்பம்பு எப்போதிருந்து கரிக்கிறது, எல்லாம் அதில் வர வேண்டும். முழுக்க எழுதி, சத்தமாக வாசித்த பிறகே கையெழுத்து. வெற்றுத் தாளில் மட்டும் போடாதீர்கள்.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டவரும் ஊர்க்காரர்தான், அவரும் பேசட்டும். ஆனால் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள் கட்டாயம் வந்து உட்கார வேண்டும். குட்டை வந்தால் முதலில் போவது அவர்கள் வேலை. நிலமும் கிடையாது, கோர்ட்டுக்குப் போக வசதியும் கிடையாது. அவர்கள் சொல்வது அரசுக் காகிதத்தில் ஏற இந்தச் சபையை விட்டால் வேறு வழி குறைவு. அக்டோபர் 2 கூட்டத்துக்கு முன்பே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடுங்கள்.