எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாழ்க்கை எப்படி இருக்கும்? எத்தனை நாளில் பழையபடி சாப்பிடலாம்?

கேள்வி கேட்டவரின் அக்காவுக்கு அடுத்த மாதம் ஸ்லீவ் அறுவை சிகிச்சை என்று எழுதியிருக்கிறார். எனக்கு அது நடந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை என்பதால் முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். உயரம் 158 செ.மீ. அறுவை சிகிச்சையன்று எடை 112 கிலோ. பதினாறாம் மாதம் 76. இன்று காலை 82. கடைசியில் ஏறிய ஆறு கிலோவைப் பெரும்பாலும் யாரும் வெளியே சொல்வதில்லை. நான் கீழே சொல்கிறேன்.

அக்காவுக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைப்பழ அளவுக்குக் குழாய்போல விட்டுவைக்கிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரப்பது அந்த வெட்டி எடுக்கும் பகுதியில்தான். அதனால் கொள்ளளவு மட்டுமல்ல, பசியும் குறைகிறது. இன்னொரு முறை பைபாஸ்; அதில் சிறுகுடலையும் மாற்றி இணைப்பார்கள். மருத்துவர் இரண்டையும் விளக்கியதை வீட்டில் வந்து சொன்னபோது என் மாமியார் பைபாஸ் என்ற சொல்லைக் கேட்டதுமே நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். இதயம் அல்ல அத்தை, வயிறு என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று.

இங்கே நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். சான்றிதழ் காட்ட வேண்டியிருந்ததால் தலைமையாசிரியைக்கு மட்டும் உண்மை தெரியும். மற்ற ஆசிரியைகளிடமும் சொந்தக்காரர்களிடமும் பித்தப்பையில் கல், அதை எடுக்கப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். சாப்பாட்டைக் குறைக்கத் துப்பில்லாமல் வயிற்றை அறுத்துக்கொண்டாள் என்று பேசுவார்களே என்ற பயம். அந்தப் பொய் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது பின்னால் வருகிறது.

மருத்துவமனையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. லேப்ராஸ்கோப்பி என்பதால் வயிற்றில் ஐந்து சிறு துளைகள். காயத்தைவிட இடது தோள்தான் வலித்தது. வயிற்றை உப்ப வைக்கச் செலுத்தும் கரியமில வாயுவின் மிச்சம் உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலியாம். இரண்டு நாளில் போய்விட்டது. கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்துவிடக் கூடாது என்று அன்று மாலையே எழுப்பி நடக்கவைத்தார்கள். மூன்றாம் நாள் வீடு. மூன்று வாரத்தில் பள்ளி. "எத்தனை நாளில் தேறுவார்" என்பதற்கு உடம்பளவில் இதுதான் பதில்.

சாப்பாட்டளவில் கதையே வேறு. முதல் இரண்டு வாரம் திரவம் மட்டும். 30 மில்லி, அதையும் ஒரே மடக்காகக் குடிக்கக் கூடாது, கால் மணி நேரம் வைத்து உறிஞ்ச வேண்டும். மருந்து மூடியில் அளந்து குடிப்பதைப் பார்த்த அத்தை, உள்ளே போய் என் மகனுக்குப் பால் புகட்டிய பாலாடையை எடுத்துவந்து கையில் கொடுத்தார். மோர், இளநீர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், புரோட்டீன் பவுடர் கரைத்த பால், எல்லாம் அந்தப் பாலாடையில்தான். அடுத்த இரண்டு வாரம் மசித்த உணவு, அதன்பின் குழைவான உணவு, இரண்டு மாதம் கழித்துத்தான் மற்றவர்கள் சாப்பிடுவது. இந்தக் கணக்கு மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும். உங்கள் மருத்துவர் சொல்வதையே பின்பற்றுங்கள்.

முப்பத்தாறாம் நாள் இட்லி என்னைக் கவிழ்த்தது. இட்லியைவிட மெதுவான உணவு உண்டா என்ற தைரியத்தில் பழைய பழக்கப்படி ஒரு விள்ளலைச் சாம்பாரில் தோய்த்து விழுங்கினேன். நெஞ்செலும்புக்குப் பின்னால் போய் நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. வாயில் நுரைநுரையாக எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. இருபது நிமிடம் கொல்லைப்புறத் திண்ணையில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் குடித்தால் இறங்கும் என்று அத்தை நீட்டிய சொம்பை நல்லவேளையாக வாங்கவில்லை. அடைப்பின்மேல் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும்.

அன்று ஒன்று புரிந்தது. கையால் சாப்பிடும் நமக்குக் கவளத்தின் அளவு மூளையில் இல்லை, விரல்களில் இருக்கிறது. நாற்பது ஆண்டு பழகிய விரல்கள் அதே அளவைத்தான் உருட்டும். ஆறு மாதம் நான் சிறு கரண்டியால்தான் சாப்பிட்டேன். கட்டைவிரல் நகமளவு எடுத்து, கூழாகும்வரை மென்று, விழுங்கியபின் கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது. முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான். அதனால் பகல் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வகுப்பில் கரும்பலகையில் ஒரு கணக்கு முடிந்தால் ஒரு மடக்கு என்று வைத்துக்கொண்டேன். பிள்ளைகள் அதைக் கவனித்துவிட்டு, நான் பாட்டிலை எடுத்தாலே அடுத்த கணக்குக்குப் பக்கத்தைத் திருப்பத் தொடங்கினார்கள்.

அடுத்த சிக்கல் புரதம். நாளைக்கு 60 கிராமாவது போக வேண்டும் என்றார் உணவியல் நிபுணர். இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். எங்கள் வீடு சைவம். அரைக் கிண்ணத்துக்குமேல் உள்ளே போகாத வயிற்றில் பருப்பையும் தயிரையும் வைத்து 60 கிராமைத் தொடுவது எப்படி என்று தாளில் போட்டுப் பார்த்தேன், விடை வரவில்லை. பனீர் 100 கிராமில் 18 கிராம் போலக் கிடைக்கும். ஆனால் அந்த 100 கிராமைச் சாப்பிட எனக்கு அப்போது இரண்டு வேளை வேண்டும். முட்டை ஒன்றுக்கு ஆறு கிராம். அத்தையிடம் எப்படிக் கேட்பது என்று நான் தயங்கிக்கொண்டிருக்க, ஒரு நாள் பள்ளி விட்டு வந்தபோது பின்கட்டில் ஒற்றை அடுப்பும் புதிய அலுமினியச் சட்டியும் இருந்தன. "மருந்துக்கு ஏது சைவம்? ஆனால் அடுக்களைக்குள் மட்டும் கொண்டுவராதே" என்றார். என் எடை குறைந்ததற்கு அறுவை சிகிச்சை மருத்துவருக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேனோ அவ்வளவு அந்தச் சட்டிக்கும்.

நான்காம் மாதம் முடி கொட்டியது. சீப்பில் மட்டுமல்ல, தலையணையில், சாம்பாரில், விடைத்தாள் கட்டில். அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: வேகமாக எடை இறங்கும்போது மூன்றாம் மாதம் தொடங்கி இப்படிக் கொட்டுவது வழக்கம், பெரும்பாலும் சில மாதங்களில் நின்று மறுபடி வளரும். ஆனால் புரதமும் இரும்புச்சத்தும் குறைந்தால் அது நீடிக்கும். தொங்கும் தோல் மட்டும் அப்படித் தானாகச் சரியாகாது. என் மேற்கையிலும் அடிவயிற்றிலும் இன்றும் இருக்கிறது. கத்திரி வெயில் காலத்தில் அந்த மடிப்பில் வியர்வை தங்கிப் புண்ணாகும். உலர்வாக வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வைத்தியம் எனக்குத் தெரியாது.

இப்போது அந்தப் பொய். எடை வேகமாகக் குறையும்போது பித்தநீரில் கொலஸ்ட்ரால் மிகுந்து கற்கள் உருவாகலாம் என்று, அதைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஏற்கெனவே கை நிறைய மாத்திரைகள், இது எதற்கு என்று இரண்டாம் மாதமே நானாக நிறுத்திவிட்டேன். ஒன்பதாம் மாதம் ஒரு நள்ளிரவில் வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி முதுகுவரை சுருட்டி இழுத்தது. ஸ்கேன் எடுத்தால், பித்தப்பையில் கல். நிஜமான கல். பித்தப்பையை எடுக்க வேண்டும் என்றார்கள்.

பள்ளியில் இதைச் சொன்னேன். எங்கள் உயிரியல் ஆசிரியை கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "பித்தப்பையைத்தான் போன தடவையே எடுத்துவிட்டார்களே, டீச்சர்? மறுபடி முளைத்ததா?" என்றார்.

பொய்க்கு மேல் பொய் சொல்ல அன்று தெம்பில்லை. ஆசிரியைகள் அறையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். நான் பயந்த பேச்சு வராமல் இல்லை. இரண்டு பேர் பேசத்தான் செய்தார்கள். ஆனால் அதுவரை மதிய வேளையில் மூடிவைத்த டப்பாவுக்குள் கரண்டியை விட்டு ஒளித்து ஒளித்துச் சாப்பிட்டவள், அதன்பின் திறந்துவைத்துச் சாப்பிட்டேன். பிறந்தநாள் கேக்கையும் கோயில் பிரசாதத்தையும் "ஒன்றே ஒன்று, எங்களுக்காக" என்று வாயருகே கொண்டுவருவது நின்றது. எட்டாம் மாதம் ஒரு கல்யாண வீட்டில், மறுத்தால் சந்தேகப்படுவார்களே என்று இரண்டு கரண்டி அல்வாவை விழுங்கிவிட்டு, நெஞ்சு படபடத்து, வியர்த்து, மண்டபத்து மாடியறையில் ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்தவள் நான். இனிப்பு வேகமாகக் குடலுக்குள் இறங்குவதால் வருவது அது. பைபாஸில் அதிகம், ஸ்லீவிலும் சிலருக்கு உண்டு. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த இரண்டு கரண்டி தேவைப்பட்டிருக்காது.

ஆகவே அக்கா ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். ஆனால் யார் சமைக்கிறார்களோ, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாரோ, அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். நான் கொடுக்கக்கூடிய ஒரே அறிவுரை இதுதான். மற்றவற்றை மருத்துவர் சொல்வார்.

சர்க்கரை நோய் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு இருந்தது. இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 9.2 சதவீதம், இரண்டு வேளை இன்சுலின். வீடு திரும்பும்போதே இன்சுலினை நிறுத்திவிட்டார்கள். ஓராண்டில் 5.8. இப்போது ஒரு மாத்திரையோடு 6.2. போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், அடங்கியிருக்கிறது. காப்பீடு பற்றிச் சிலர் கேட்பதால் ஒரு வரி: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, உடல் நிறை குறியீட்டெண் (BMI, கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 40 அல்லது அதற்கு மேல், அல்லது கட்டுக்கடங்காத சர்க்கரை போன்ற கடுமையான நோய்களோடு 35 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பொதுவாக இந்தச் சிகிச்சைக்குப் பணம் தருவார்கள். பாலிசியில் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள்.

அந்த ஆறு கிலோ. இரண்டாம் ஆண்டுக்குப்பின் பசி கொஞ்சம் திரும்பி வந்தது. சோறு ஒரு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை, ஆனால் முறுக்கு இறங்கியது. மிக்சர், பிஸ்கட், சேவு எல்லாம் வாயிலேயே மாவாகி, அந்தக் குழாய் வழியே தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். விடைத்தாள் திருத்திய ஒரு மே மாதத்தில் தினமும் மாலை ஒரு கிண்ணம் சேவும் சர்க்கரை போட்ட காப்பியும். வயிறு எந்த எச்சரிக்கையும் தரவில்லை, புடவைக்கு ஜாக்கெட் தைக்கும் அம்மாதான் அளவெடுக்கும்போது, "பிரித்துவிடவா?" என்று கேட்டார். இரண்டு ஆண்டுகளாகப் பிடித்துக்கொண்டே வந்தவர் அவர்.

சில எச்சரிக்கைகள், அவசரமாக. முதல் சில வாரங்களில் காய்ச்சல், மூச்சு வாங்குதல், ஓய்வாக இருக்கும்போதும் நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டுவது, வயிற்றிலோ தோளிலோ கூடிக்கொண்டே போகும் வலி, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். தையலில் கசிவு இருக்கலாம், அல்லது நுரையீரலில் இரத்தக் கட்டி. நாள்கணக்கில் வாந்தி நிற்காவிட்டால் வைட்டமின் பி1 தீர்ந்து நடை தள்ளாடும், பார்வை இரட்டிக்கும், அதுவும் அவசரம்தான். தலைவலி, மூட்டுவலிக்குக் கடையில் தானாக வலி மாத்திரை வாங்கக் கூடாது. பாராசிட்டமாலைத் தவிர மற்ற எதற்கும் மருத்துவரைக் கேட்க வேண்டும். குழந்தை பெறும் எண்ணமிருந்தால் ஒன்று முதல் ஒன்றரை ஆண்டாவது தள்ளிப்போடச் சொல்வார்கள். சத்து மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்கக் கூடாது. இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். எனக்கு பி12 ஊசி தனி.

பழையபடி சாப்பிடலாமா என்றால், சாப்பிட முடியாது. போன தை மாதம் என் மதினி மகளுக்கு மறுவீடு. எங்கள் பக்கம் அதற்குச் சொதிதான் விருந்து. தேங்காய்ப்பாலும் இஞ்சித் துவையலும் மணக்க இலை போட்டார்கள். முன்பெல்லாம் மூன்று முறை சோறு வாங்குவேன். மதினி கரண்டியோடு வந்தார், அரைக் கரண்டிச் சோறு, அதன்மேல் ஒரு சிறு குழிவு அளவுக்குச் சொதி, காய்களைத் தேடி எடுத்து ஓரமாக வைத்தார். பக்கத்து இலைக்காரர், "என்ன, அவர்களுக்கு மட்டும் இவ்வளவு கொஞ்சமாக?" என்றார். "அவளுக்கு அதுதான் அளவு" என்று சொல்லிவிட்டு மதினி அடுத்த இலைக்குப் போய்விட்டார். அதை முடிக்க எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. பந்தி எழுந்தபோது நானும் அவர்களோடுதான் எழுந்தேன்.