பதில்: 20 சதவீதச் சான்றிதழை வைத்துத் தறி விபத்து இழப்பீட்டைக் குறைக்க முடியுமா?

சகோதரி, சோமனூர் தறியில் கை மாட்டி உங்கள் வீட்டுக்காரருக்கு வலது கை விரல்கள் மடங்கவில்லை, ஊனச் சான்றிதழில் 20 சதவீதம்தான் என்று முதலாளி தரப்பு சொல்கிறது என எழுதியிருந்தீர்கள். அதற்குள் மனசு விட்டுவிடாதீங்க.

உடல் ஊனம் எவ்வளவு என்பது வேறு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பது வேறு. முழங்கைக்கு மேல் இடது கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்று சொல்லி முழு இழப்பாகவே உச்ச நீதிமன்றம் ஏற்றது. நானும் தறி ஓட்டியவன். பாவு இழை அறுந்தால் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தால்தான் முடிச்சு விழும். அது முடியாதவருக்கு யார் தறி கொடுப்பார்கள்?

அதனால் எலும்பு மருத்துவரிடம் மறுபடி போய், எந்த வேலை முடியாது, வருமானத் திறன் எத்தனை சதவீதம் போனது என்று எழுதி வாங்குங்கள். இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் ஆணையர் முன் அந்த மருத்துவரே வந்து சாட்சி சொன்னால் இன்னும் பலம். கூலிச் சீட்டு இல்லையென்றால் முன்பணம் எழுதின நோட்டு, பக்கத்துத் தறிக்காரர் சாட்சி, எதையும் விடாதீங்க. உயர் நீதிமன்ற மேல்முறையீட்டில் முக்கியமான சட்டக் கேள்வியைத்தான் பார்ப்பார்கள். ஆதாரமெல்லாம் ஆணையரிடமே சேர வேண்டும்.

விபத்து நடந்து 2 வருடத்துக்குள் ஆணையரிடம் மனு போட்டாக வேண்டும். கூலியில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்ததா என்று முதலில் பாருங்கள். இருந்தால் இந்த வழி கிடையாது, இஎஸ்ஐ அலுவலகம்தான். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் கோவை சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கேட்கலாம்.