மியூசியத்தில் நடக்கும் ஜப்பானிய அனிமேஷன் பட விழாவுக்கு 40 வயதில் போகலாமா? வீட்டில் சிரிக்கிறார்கள்.

"வீட்டில் சிரிக்கிறார்கள்" என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். "பொம்மைப் படம் பார்க்கக் காசு கொடுத்து டிக்கெட்டா?" என்று கேட்டிருப்பார்கள். எனக்கும் அதே பேச்சு கிடைத்தது. தாராளமாகப் போங்கள்.

நான் இருப்பது லாஸ் ஏஞ்சலஸில். ஆஸ்கர் கொடுக்கிறவர்களின் அகாடமி மியூசியம் இங்கே 2021 செப்டம்பரில் திறந்தபோது, முதல் சிறப்புக் கண்காட்சியே ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகிக்குத்தான். ஹாலிவுட்டில் ஆளா இல்லை? இருந்தும் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்டோரிபோர்டு (காட்சிகளை முன்கூட்டியே வரைந்து வைக்கும் படங்கள்), பின்னணி ஓவியம் என்று 300-க்கும் மேற்பட்ட பொருள்கள். உள்ளே நுழைவதே இலைதழை மூடிய ஒரு குகைப்பாதை வழியாக. கண்காட்சியை ஒட்டி அவருடைய படங்களையும் பெரிய திரையில் போட்டார்கள். அப்போது மதுரையிலிருந்து அம்மா வந்திருந்தாள். 'டோட்டோரோ'வுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

நான் ஏன் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல வேண்டும். 1989-இல் அம்மா 7 மாதம் டி.பி. ஆஸ்பத்திரியில் இருந்தாள். எனக்கு 9 வயது, தம்பிக்கு 4. பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பஸ்ஸில் போய் வேப்பமரத்தடியில் நிற்போம். மாடி ஜன்னலில் அம்மா கை காட்டுவாள். ஒரு தடவை எங்கள் வீட்டுக் கொய்யாவில் ஒரு பழத்தைப் பறித்து, துணியில் சுற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். "அம்மா சாப்பிட்டா, தேனா இனிச்சுச்சாம்" என்று அப்பா வந்து சொன்னார்.

படத்திலும் அம்மா ஆஸ்பத்திரியில்தான். அக்கா சட்சுகி, 4 வயதுத் தங்கை மெய். நோயின் பெயரைச் சொல்லவே மாட்டார்கள். மியாசாகியின் அம்மாவும் முதுகெலும்புக் காசநோயால் வருஷக்கணக்கில் படுத்துக் கிடந்தவர் என்று படித்த பிறகுதான் அந்தப் படம் என்னை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டது என்று புரிந்தது.

எல்லா அனிமேவும் உன்னதம் என்று நான் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வரவேண்டாம். குப்பையும் நிறைய உண்டு. ஆனால் 1988-இல் ஜப்பானில் டோட்டோரோவோடு சேர்த்துத் திரையிட்ட படம் எது தெரியுமா? இசாவோ தகஹாதாவின் 'மின்மினிகளின் கல்லறை'. போர்க்காலத்தில் பட்டினியில் சாகும் அண்ணன் தங்கை கதை. அதைப் பார்த்துவிட்டு வந்து உங்கள் வீட்டில் சிரிக்கட்டும்.

அம்மாவுக்கு ஆங்கில சப்டைட்டில் வாசிக்க வராது. நான் காதோடு சொல்லிக்கொண்டே இருந்தேன். மழையில் பஸ் ஸ்டாப்பில் பிள்ளைகள் நிற்கும் காட்சி வந்ததும் என் கையைத் தட்டி "பேசாம இரு" என்றாள். குடையில் சொட்டு விழும் சத்தம், ஒரு தவளை, அவ்வளவுதான். இதையே நம் டிவிக்காரர்கள் தமிழில் போட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். குழந்தை வாயில் ஹீரோ பஞ்ச் டயலாக், ஒரு நொடி அமைதி இருந்தால் அதில் ஒரு கூச்சல். எவ்வளவு அருமையான படங்களை அப்படிக் கெடுத்திருக்கிறார்கள்! நம் பிள்ளைகளுக்கு அமைதியாகப் படம் பார்க்கத் தெரியாது என்று யார் இவர்களிடம் சொன்னது? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் வயிறு எரிகிறது.

கடைசியில் பிள்ளைகள் மரக்கிளையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக அம்மாவைப் பார்க்கிறார்கள். ஜன்னல் விளிம்பில் ஒரு மக்காச்சோளக் கதிர். மேல்தோலில் 'அம்மாவுக்கு' என்று கீறியிருக்கும்.

வெளியே வந்து காரில் ஏறும்வரை அம்மா ஒன்றும் பேசவில்லை. பெல்ட்டை மாட்டிவிட்டேன்.

"அந்தச் சோளத்த அவளத் திங்க விட்டிருப்பாங்களாடி?"

"தெரியலம்மா. படம் அதோட முடிஞ்சிருச்சு."

"நீ குடுத்துவிட்ட கொய்யாவ நான் திங்கல. வெளிப்பண்டம் கூடாதுன்னு நர்சம்மா வாங்கி வச்சுக்கிட்டாங்க. அந்தத் துணிய மட்டும் கேட்டு வாங்கித் தலகாணிக்கடியில வச்சிருந்தேன். நாலு நாள் வாசம் இருந்துச்சு."