கதவைத் தட்டாத அண்டை வீட்டார்

அன்புள்ள ஐயா,

என் கணவர் டெக்சஸில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய வேலைக்காக இரண்டு வருடம் முன்பு இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்கு வந்தோம். இங்குள்ளவர்களுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று அவர் முடிவே கட்டிவிட்டார். பக்கத்து வீட்டுப் பெரியவர் வாராவாரம் எங்கள் குப்பைத்தொட்டியையும் தெருவிலிருந்து உள்ளே இழுத்து வைத்துவிடுவார். நன்றி சொல்லப் போனால் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். ஒருமுறைகூட உள்ளே வாருங்கள் என்றதில்லை. ஆபீஸில் மேலதிகாரி இவருடைய அறிக்கையை 'க்வைட் குட்' என்றார். இவர் பூரித்துப்போய் அப்படியே அனுப்பிவிட்டார். ஏன் திருத்தவில்லை என்று மறுவாரம் கேள்வி வந்தது. ஒரே மொழி பேசுகிறவர்களுக்குள் இவ்வளவு தூரமா? இவர்கள் ஈரமில்லாதவர்களா?

எம்., ஷெஃபீல்டு

அன்புள்ள எம்.,

அந்தப் பெரியவருக்கு உங்கள் கணவரைப் பிடித்திருக்கிறது. பிடிக்காதவர் வீட்டுக் குப்பைத்தொட்டியை யாரும் இரண்டு வருடம் இழுத்து வைப்பதில்லை. ஷெஃபீல்டில் ஏழு வருடம் இருந்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

நெருங்கி வந்து தோளில் கைபோட்டு 'நீ நம்ம ஆள்' என்று காட்டுவது ஒருவகை மரியாதை. மற்றவருடைய நேரத்துக்குள்ளும் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடாமல் ஒதுங்கி நிற்பதும் மரியாதைதான். பெனலபி பிரவுன், ஸ்டீஃபன் லெவின்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1978இல் இதை விரிவாக எழுதினார்கள். அவர்கள் முக்கியமாக எடுத்துக்கொண்ட மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்சிகோவின் செல்த்தால், கோவைப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் தமிழ். நெருங்கிப் பழகும் மரியாதைக்கு மேற்கு அமெரிக்காவை உதாரணம் காட்டியவர்கள், ஒதுங்கி நிற்கும் மரியாதைக்குக் காட்டியது 'அமெரிக்கர் கண்ணுக்குத் தெரியும் பிரிட்டிஷ்காரரை'. உங்கள் வீட்டு வருத்தம் அன்றே எழுதப்பட்டுவிட்டது.

'க்வைட் குட்' சிக்கல் நமக்கு எளிதில் புரியும். டெக்சஸில் அதற்கு 'ரொம்ப நன்றாக இருக்கிறது' என்று பொருள். ஷெஃபீல்டில் அது நம் 'பரவாயில்லை'. சமைத்துப் போட்டவரிடம் 'பரவாயில்லை' என்று சொன்னால் அவர் முகம் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியுமே. 'ஆல்ரைட்?' என்று கேட்பவரும் உடல்நலம் விசாரிக்கவில்லை. 'என்ன, கடைக்கா?' என்று தெருவில் கேட்பதைப் போன்றது அது. பதிலுக்கு நின்றுவிடக் கூடாது.

ஓட்டல்களைக் கவனித்தீர்களா? டெக்சஸில் பரிமாறும் பெண் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவாள், நாலுமுறை வந்து விசாரிப்பாள். அங்கே டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991இலிருந்து அது ஒரு சென்ட்கூட ஏறவில்லை. மீதி பெரும்பாலும் சாப்பிட வருகிறவர் தரும் டிப்ஸிலிருந்துதான் வர வேண்டும். பிரிட்டனில் குறைந்தபட்சக் கூலியை முதலாளி முழுதாகத் தந்தாக வேண்டும்; டிப்ஸை அதில் கழித்துக்கொள்ள 2009இலிருந்து சட்டம் இடம் தருவதில்லை. அதனால் அங்கே பரிமாறுகிறவர் நீங்கள் கூப்பிடும்வரை உங்களை விட்டுவிடுகிறார். அமெரிக்கரின் அன்பெல்லாம் காசுக்காக என்று நான் சொல்லவில்லை. டெக்சஸில் முன்பின் தெரியாத ஒருவர் என் காரின் பஞ்சரை ஒட்டிக்கொடுத்துவிட்டுச் சோறும் போட்டு அனுப்பினார். அதை மறக்க மாட்டேன்.

ஆனால் அதே டெக்சஸில் வேலிக்கம்பத்தில் ஊதாநிறப் பட்டை தெரிந்தால் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது. அத்துமீறாதே என்பதற்குச் சட்டம் ஒப்புக்கொண்ட அடையாளம் அது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,25,000 கிலோமீட்டருக்குப் பொதுவழிகள் ஓடுகின்றன, பெரும்பாலும் தனியார் நிலத்தின் ஊடாக. கோதுமை வயலின் நடுவே, மாடு மேயும் புல்வெளியில், சில இடங்களில் பண்ணை வீட்டின் முற்றத்தை ஒட்டியே போகலாம். நிலத்துக்காரர் அடைக்க முடியாது. வீட்டுக்குள் கூப்பிடாத மனிதர்களின் நிலத்தில் யாரும் நடக்கலாம். வீட்டுக்குள் கூப்பிட்டுச் சோறு போடும் மனிதர்களின் நிலத்திலோ கால் வைக்க முடியாது. இதைப் புரிந்துகொண்ட நாளில்தான் பிரிட்டன் எனக்குப் பிடித்துப்போனது.

மலைகளையும் மேட்டு நிலங்களையும் பொறுத்தவரை அந்த உரிமை சும்மா வந்ததில்லை. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கிண்டர் ஸ்கௌட் மலை அன்று பணக்காரர்கள் பறவை வேட்டையாடும் தனியார் மேட்டு நிலம். 1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு தொழிலாளர்கள் காவலாட்களை மீறி அதன்மேல் ஏறினார்கள். ஷெஃபீல்டிலிருந்தும் ஒரு குழு மலையடிவாரக் கிராமமான ஈடேல் வழியாகப் போனது. ஐந்து பேருக்குச் சிறை. முன்னின்ற 20 வயது மான்செஸ்டர் இளைஞர் பென்னி ராத்மனுக்கு நான்கு மாதம். 1951இல் அந்த மலையும் அடங்கிய பீக் டிஸ்ட்ரிக்ட், பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது. மலைகளிலும் மேட்டு நிலங்களிலும் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்ற சட்டம் 2000இல்தான் வந்தது.

உங்கள் கணவரை ஈடேலுக்குக் கூட்டிப்போங்கள். ஷெஃபீல்டிலிருந்து ரயிலில் அரைமணிக்குச் சற்று மேல். மலைப்பாதையில் எதிரே வருகிற ஒவ்வொருவரும் 'மார்னிங்' சொல்லிக் கடந்துபோவதை அவர் பார்க்கட்டும். அதற்கு முன்னால் பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடம் ஒன்றை வாங்கச் சொல்லுங்கள், 1:25,000 அளவில் உள்ளது. அதில் பச்சைக் கோடுகளாகத் தெரிவதெல்லாம் பொதுவழிகள். எந்த வழியாக ஏறுவது என்று மட்டும் நான் எழுதப் போவதில்லை. அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கதவைத் தட்டி, அவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.